பன்னிரண்டு அடி ஒழுங்கை

எங்கள் ஒழுங்கையின் நடுவில் இரண்டு மாட்டு வண்டில்கள் முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டு நின்ற காலையில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. ஒன்றில் புகையிலை. மற்றது மயிலிட்டியிலிருந்து கருவாடு ஏற்றி வந்தது. சில்லுகள் இரண்டு பக்கத்து வேலிகளையும் உரசிக்கொண்டு நின்றன. புகையிலை வண்டிலுக்குப் பின்னால் சைக்கிளோடு நான்.

"நீ பின்னுக்கு எடு."

"என்ரை மாட்டுக்குப் பின்னுக்கு நடக்கத் தெரியாது."

"அப்ப நில்லு. என்ரை மாடு நிக்கப் பழகினது."

இது முடிகிற வழக்கில்லை என்று கண்டு, சட்டைப்பையில் இருந்த பத்திரிகையை விரித்தேன். அதன் மூலையில் ஓர் அறிவித்தல்: பட்டினசபையின் அடுத்த வருட வரவு செலவு மதிப்பீடு கந்தோரில் ஏழு நாட்களுக்கு வைக்கப்பட்டிருக்கும், பொதுசனங்கள் பார்வையிடலாம், ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். வருடா வருடம் கண்ணில் பட்டும் வாசிக்காமல் விட்டதுதான். வேலியில் மாட்டிக்கொண்ட சில்லைப் பார்த்தபடி வாசித்தபோது ஒரு கேள்வி முளைத்தது. இந்த ஒழுங்கைக்கென்று அந்தப் புத்தகத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்?

நான் லண்டன் மற்றிக்குலேசன் சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறேன். எதையாவது சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாத காலம் இது. அன்று மத்தியானமே கந்தோருக்குப் போய்விட்டேன்.

கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உம்மை ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை."

"எந்த மெம்பரின்ரை ஆள்?"

"நான் பொதுசனம்."

"ஓகோ. இவ்வளவு காலமாய் இஞ்சை வேலை செய்யிறன், உந்தப் பொதுசனத்தை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார்.

புத்தகத்தை என் முன்னால் வைத்தவர், மைக்கூட்டை மட்டும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். நான் எழுத்தை மாற்றிவிடுவேன் என்று அவருக்குப் பயம். அவர்கள் தாளைக் கிழித்திருப்பார்கள் என்று எனக்கு. அதனால் முதலில் பக்க இலக்கங்களைத்தான் வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. எல்லாம் இருந்ததே என் சந்தேகத்தைக் கூட்டியது.

ஒழுங்கைகள் என்ற தலைப்பின் கீழ் எங்களுடையதும் இருந்தது. மக்கிக் கல் பரவி உருளை போட வேண்டிய அகலம் பன்னிரண்டு அடி. நான் அதை மூன்று முறை வாசித்தேன். பன்னிரண்டு அடி ஒழுங்கையில் இரண்டு வண்டில்கள் அப்படி மாட்டிக்கொள்ளுமா? இல்லாத அகலத்துக்கும் சேர்த்து மக்கிக் கல் எடுக்கிறார்கள் என்றால், மிச்சக் கல் எங்கே போகிறது? மக்கி வேலைக்குப் பொறுப்பான ஓவசியர் அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். அவர் வீட்டு வேலிப் படலையிலிருந்து வாசல் வரை புதிதாக மக்கி பரவி, மாரியிலும் கால் புதையாத ஒரு பாதை உண்டு. அதை நினைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள் கொடிக்கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, பெரிய றோட்டு முனையிலிருந்து அளந்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். பத்தரை. ஒன்பது. ஒன்பதரை. வேலியின் ஓலை இடுக்குப் பொட்டுகள் எல்லாம் கண்களாகிவிட்டன.

"என்ன தம்பி, ஒழுங்கைக்குச் சட்டை தைக்கப் போறீரோ?" என்றது ஒரு பெண் குரல்.

"தைக்கிறதெண்டால் கழுத்தைப் பெரிசாய் வெட்டச் சொல்லு. இஞ்சாலை இறுக்கம்" என்றது எதிர் வேலி.

ஆகக் குறைந்த அளவு எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் கிடைத்தது. எட்டு அடி. எதிர்வீட்டுக்காரர் வேலியை ஒழுங்கைப் பக்கம் அரக்கியிருக்கிறார் என்று உடனே தீர்மானித்து, அதன் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

அந்தத் தாளோடு கந்தோரில் ஓவசியர் முன் நின்றேன். அவர் கோபிக்கவில்லை. மிச்ச மக்கி வெள்ளம் நிற்கிற பள்ளங்களுக்குப் போகிறது என்றார். எந்தப் பள்ளம் என்று கேட்டேன். அவர் நில அளவைப் படத்தை விரித்து, எங்கள் வளவின் ஓரத்தில் பென்சிலை வைத்தார்.

"இதிலை ஒரு எல்லைக்கல்லு இருக்கவேணும். அது எங்கை நிக்குதெண்டு பாத்திட்டு வாரும். பிறகு நாங்கள் மக்கியைப் பற்றிக் கதைப்பம்."

கல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. முருங்கைக்குக் கீழே, கன்றுக்குட்டியை நாங்கள் கட்டுகிற கல். வேலிக்கு உள்ளே, மூன்று அடி தள்ளி.

"ஐயா, உந்தக் கல்லு எப்பிடி வளவுக்குள்ளை வந்தது?"

"கல்லு வரேல்லை" என்றார் என் தகப்பனார். "வேலி போனது."

"நீங்களோ அரக்கினது?"

"எதிர்வீட்டான் ஒரு அடி வந்தவன். நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்ரை கடுதாசி அங்கை போனால் முதலிலை பிடுங்கிறது எங்கடை வேலியைத்தான். வாற கிழமை உன்ரை அக்காவுக்குச் சம்பந்தம் பேச வருகினம். திறந்த வளவுக்குள்ளை ஆர் வந்து இருப்பினம்?"

ஓவசியரின் அமைதி எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஒழுங்கையில் எல்லோர் வீட்டு முருங்கைக்கும் கீழே இப்படி ஒரு கல் இருக்கும். அதனால் மக்கி எங்கே என்று எவரும் கேட்க மாட்டார்கள். அவருடைய பாதைக்கு எங்கள் வேலிகள்தான் காவல்.

ஆட்சேபத்தை எழுதி மடித்து, அகராதிக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அதை எடுத்து வாசித்தவள் அக்கா.

"இதை ஏன் குடுக்கேல்லை?"

"உனக்குத் தெரியாதே? வேலியைப் பிடுங்கினால் உன்னை ஆர் பாக்க வருவினம்?"

"பாக்க வாறவை வண்டிலிலைதானே வருவினம்" என்றாள். "வண்டில் முதல் ஒழுங்கைக்குள்ளை வரட்டும்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. ஆட்சேபம் கொடுக்க நாளைதான் கடைசி நாள். பாட்டனாரின் திதிக்காக ஐயா விடியவே கீரிமலைக்குப் போகிறார். மத்தியானத்துக்கு முன் வரமாட்டார். ஐப்பசி மழையில் மண் இளகியிருக்கிறது. அவர் போனதும் பழைய வேலியைப் பிடுங்கி, அதன் கிளுவை மரங்களிலேயே கதியால் தடிகள் வெட்டி, படலையிலிருந்து முருங்கை வரை கல்லின் நேருக்கு ஊன்றப் போகிறோம். அக்கா கயிறு பிடிப்பாள். மறைப்பு ஓலையையும் மாற்றிக் கட்டிவிட்டால், வருகிறவர்களுக்கு வேலி வேலியாகவே தெரியும். ஐயா வந்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கந்தோருக்குப் போயாக வேண்டும்.

ஆட்சேபத்தை இரண்டு பிரதிகளாக எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டு மூன்று அடியைத்தான் முதலாவதாகக் குறித்திருக்கிறேன். ஓவசியரின் பாதை இரண்டாவது. ஒரு பிரதியில் கிளாக்கர் முத்திரை குத்தித் தரும்வரை கந்தோர்க் கதிரையை விட்டு எழும்புவதாக இல்லை.