கோட்டைக் குழலும் இருசம்மாளின் வளையலும்

கோட்டைக்குப்பத்து இருசம்மாளிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், ஒல்லாந்து டச்சுக்காரர் கோட்டையில் இருந்த, தூரத்தைக் கிட்டக் காட்டும் தூரக்குழலைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. பேச்செடுத்தால் அவள் கை தானாகப் போய் வளையல்களைத் தடவிப் பார்க்கும். எல்லாம் இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பாள், திறந்தாலும் திட்டத்தான் திறப்பாள். அவள் அதுவரை கையாண்டவை அரிவாள்மனை, உலக்கை, மீன் கூடை. அவற்றில் ஒன்றும் அவளை ஏமாற்றியதில்லை.

புருஷன் சிங்காரமும் அவன் தம்பி ராஜவேலுவும் கட்டுமரத்தில் கடலுக்குப் போவார்கள். கொண்டுவரும் மீனில் நல்லதைப் பொறுக்கிக் கோட்டைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இவள் வேலை. நல்ல மனசுக்காரி, ஆனால் பொறுமை மருந்துக்கும் கிடையாது. சோறு வேகும் முன்பே வடித்துவிடுவாள் என்று அவள் மாமியாரே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு ஐப்பசியில், விடியலில் போன கட்டுமரம் வெயில் சாய்ந்தும் திரும்பவில்லை. வாடைக்காற்று வலுத்துவிட்டது. மற்ற மரங்களெல்லாம் கரையேறிவிட்டன. அண்ணனும் தம்பியும் தெற்கே வெகுதூரம் போனதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். வலை பாரமாக இருந்திருக்கும், வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். ஆறுதலாகச் சொல்வதற்கும் தெரிந்து சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா? கடற்கரையைவிடக் கோட்டைக் கொத்தளம் உயரம் என்று நினைவு வந்ததும் ஓடினாள்.

கொத்தளத்தில் காவலுக்கு நின்ற செம்பட்டைத் தலைக்காரனுக்கு அவளை மீன்காரியாகத் தெரியும். அவனுக்குத் தமிழ் வராது. அவள் கடலைக் காட்டி, இரண்டு விரலைக் காட்டி, கையைப் பிசைந்தாள். அவன் புரிந்துகொண்டு குழலை எடுத்துக் கடலைத் துழாவினான். ஓரிடத்தில் நிறுத்திச் சிரித்தான். ஒரு கண்ணை மூடிக்கொள்ளும்படி சாடை காட்டி, குழலை அவள் கையில் கொடுத்தான்.

முதலில் வெறும் சாம்பல் நிறம். பிறகு பாய் வந்தது. பாயின் மேல்முனை கிழிந்தபோது தன் பழைய சேலையில் வெட்டி அவளே போட்ட ஒட்டு தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்த ஒட்டு எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது. பாய்க்கு மேலே கட்டுமரம், அதிலிருந்து இரண்டு ஆட்கள் தலை கீழாகத் தொங்கினார்கள். கட்டுமரத்துக்கும் மேலே கடல்.

கோட்டைச் சீமான்கள் யாராவது முதல்முறை பார்த்திருந்தால், இதென்ன வேடிக்கை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்திருப்பார்கள். கடலை நம்பி வாழும் வீட்டுப் பெண்ணுக்கு, மரத்துக்கு மேலே தண்ணீர் என்றால் ஒரே அர்த்தம்தான். "கவுந்துட்டாங்க!" என்று அலறி, குழலைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கொத்தளச் சுவரில் மாறி மாறி அடித்தாள். புருஷன் செத்தால் வளையல் உடைப்பதெல்லாம் பிற்பாடு, ஊர்ப் பெண்கள் கூடி, கையைப் பிடித்துச் செய்கிற காரியம். அதற்குள் அவளே முடித்துவிட்டாள்.

காவலன் பயந்துபோய்க் கூச்சல் போட, இரண்டு பாஷையும் தெரிந்த துபாஷி வேதாசலம் மேலே ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் குழலைக் கரையிலிருந்த ஒரு பனைமரத்தின் பக்கம் திருப்பி, அவளைப் பார்க்கச் சொன்னார். பனை வேரை மேலே வைத்து மட்டையைத் தொங்கவிட்டிருந்தது.

"இதுல எல்லாமே தலைகீழாத்தாம்மா தெரியும். உன் மரம் நேராத்தான் வந்துக்கினு இருக்குது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் பார்த்தாள். ரத்தம் கசிந்த வெறும் கை. சிரிப்பு நின்றுபோயிற்று.

புருஷன் கடலில் இருக்கும்போது குப்பத்துப் பெண்கள் வளையலைக் கழற்றிக் கைகூடக் கழுவ மாட்டார்கள். இவளோ உயிரோடு வருகிறவனுக்கு உடைத்துவிட்டாள். அவன் இன்னும் கரையடி அலையைத் தாண்ட வேண்டும். நன்றாக வந்துகொண்டிருந்த மரத்தைத் தானே கவிழ்த்துவிட்டோமோ என்று பயந்தாள். கடற்கரைக்கு ஓடி, கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். கட்டுமரம் அலையில் ஏறிச் சாய்ந்தது. ராஜவேலு தண்ணீரில் விழுந்து, கயிற்றைப் பிடித்து மறுபடி ஏறினான். மரம் மணலில் வந்து தட்டியது.

சிங்காரம் அவள் கையைப் பார்த்துவிட்டான். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை, அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்திலும் பயம் இருந்தது. மறுநாள் அதே கடலுக்குப் போக வேண்டியவன் அதைச் சிரித்துத் தள்ள முடியாது. பிறகு வலையிலிருந்து ஈரக் கயிறு இரண்டு துண்டு அறுத்தான்.

"கைய நீட்டு," என்று சொல்லி இரண்டு மணிக்கட்டிலும் கட்டினான். "வளையல்காரன் வர்ற வரிக்கும் நான் கடலுக்குப் போவல."

அது மீன் படுகிற காலம். ராஜவேலு முணுமுணுத்துக்கொண்டே வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு போனான். பொண்டாட்டி கைக்குக் காவல் இருக்கிறான் என்று ஊர் கேலி பேசியது. வீட்டில் கஞ்சி தண்ணீராயிற்று. சிங்காரம் கிழிந்த வலையெல்லாம் தைத்து முடித்து, கிழியாததையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் தினமும், வெளியூர்க்காரர்கள் படகில் வந்து இறங்கும் ஏரிக்கரைக்குப் போய், வளையல்காரர் வருகிறாரா என்று ஒவ்வொரு படகாகப் பார்த்துவிட்டு வருவாள். எளாவூர்ப் பக்கமிருந்து வளையல்காரர் மழை விட்ட பிறகுதான் வந்து சேர்ந்தார். கழற்றவே முடியாத அளவாகப் பார்த்துப் போடச் சொன்னாள். எண்ணெய் தடவி ஏற்றியதில் கை கன்றிப்போயிற்று. மறுநாள் விடியலில் சிங்காரம் கடலுக்குப் போனான், திரும்பியும் வந்தான். அதன் பிறகும் எத்தனையோ வருஷம் போய் வந்தான்.

அவள் கோட்டைக்கு மீன் கொடுப்பதை விடவில்லை. செம்பட்டைத் தலைக்காரன் கொத்தளத்திலிருந்து குழலை ஆட்டிக் கூப்பிட்டால் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள்.

சிங்காரம் கடலில் சாகவில்லை. நரைத்த வயதில், காய்ச்சலில், வீட்டுப் பாயில் படுத்தபடியே போனான். பிணத்தை எடுக்கும் முன் ஊர்ப் பெண்கள் கூடி அவளை உட்காரவைத்து, வளையலை உடைக்கக் கையைப் பிடித்தார்கள். அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"இருங்க. இன்னொரு வாட்டி நல்லா பாத்துட்டு வந்துடறேன்."

அவன் கிடந்த பாயருகே போய், குனிந்து, முகத்தோடு முகம் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.