மூணாம் நம்பர் பட்டன்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் விற்பது பட்டன் போன். பாதி நேரம் பார்ப்பதோ குடும்பப் பஞ்சாயத்து. கடை வைத்துத் தொண்டைத் தண்ணி வற்றியவர்களுக்கு இது புதுசில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: ஆளுக்கொரு பட்டன். ரெண்டை அமுக்கிப் பிடித்தால் மூத்த மகனுக்குப் போகும், மூணை அமுக்கிப் பிடித்தால் இளையவனுக்கு. சுளுவான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒண்ணாம் நம்பர் யாருக்கு?

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்த ஒரு சம்சாரி, மூத்த மகனை ஒண்ணில் போடச் சொன்னார். "ஒண்ணு கம்பெனிக்கு உள்ளது அண்ணாச்சி, ரெண்டுல இருந்துதான் நமக்கு" என்றேன். மனுஷனுக்கு முகம் சுண்டிவிட்டது. கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"அப்பம், நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கதும் அந்தக் கம்பெனிக்காரன்தானா?"

மோட்டாருக்குப் பின்னால்

இன்னொருவர் கிணற்று மோட்டாருக்கு சிம் போட்டவர். வீட்டிலிருந்து போன் அடித்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். அவசரத்துக்கு ஆகுமென்று ரெண்டில் மோட்டாரைப் போடச் சொன்னார். மூணில் உரக்கடை, நாலில் டிராக்டர்காரர். வீட்டுக்காரம்மா நம்பரை அஞ்சில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அந்த அம்மாவே போனும் கையுமாக வந்து நின்றார்.

"ரெண்டுல இருக்கவளே இவியளுக்குச் சோறும் பொங்கட்டும் அண்ணாச்சி, நான் எங்க அம்மை வீட்டுக்குப் போறேன்."

அழிக்கச் சொன்ன நம்பர்

சண்முகத்தாயக்கா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். மூத்த மகன் திருப்பூரில், இளையவன் சென்னையில். இளையவன் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் முடித்துவிட்டான். அக்கா வந்த வேகத்தில் போனை மேஜையில் வைத்து, மூணை அழிக்கச் சொன்னார். இப்படிச் சொல்கிறவர்கள் மறுவாரமே திரும்பப் போடச் சொல்லி வருவார்கள்; நம்பரும் கையில் இருக்காது. அந்தப் பாட்டை யார் படுவது? நாலு பட்டனைச் சும்மா தட்டிவிட்டு, "அழிச்சாச்சு" என்று கொடுத்தேன். படி இறங்கியவர் திரும்பி நின்றார்.

"அந்த எடத்துல வேற யாரையும் போட்டுராதிய."

மணி அடிக்காத போன்

அதிலிருந்து அக்கா ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. போனில் மணி அடிக்கவில்லையாம். கடைப் போனிலிருந்து நான் அடித்துப் பார்ப்பேன். எதிர்த்த கடலைமிட்டாய்க் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அலறும். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாத்தான அடிக்குது? பெறவு என்னக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க அடிச்சா அடிக்குது அண்ணாச்சி. அடிக்க வேண்டியவன் அடிச்சாத்தான் அடிக்க மாட்டேங்குது."

கை பட்டுப் போன கால்

போன சனிக்கிழமையும் வந்தார். சின்ன மருமகளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பாம். மூத்தவன் சொல்லித்தான் தெரியுமாம். "அவன் வாயால ஒரு வார்த்த கூப்பிட்டாம்னா போயிருவேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவ?" என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை வாங்கி நோண்டினேன். அக்கா யார் யாருக்கு அடித்தார் என்ற வரிசையைப் பார்த்தால், மேலிருந்து கீழ்வரை இளையவன் பெயர்தான்! தினமும் மூணை அமுக்கி, அங்கே மணி போவதற்குள் வெட்டியிருக்கிறார். நான் அழிக்கவில்லை என்பது என்றைக்கோ தெரிந்திருக்கிறது.

"அமுக்குங்கக்கா" என்றேன். போனை என் பக்கமே தள்ளினார். "நீங்க அமுக்குங்க. எடுத்தாம்னா, தெரியாம கை பட்டுட்டுன்னு சொல்லுங்க." அமுக்கினேன். முதல் மணி முடியுமுன்னே, "எம்மா!" என்றான் அவன். "தம்பி, தெரியாம கை..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் போன் என் கையில் இல்லை.

"ஏலே, ரெண்டு பேரும் சாப்பிட்டியளா?"

தெரியாமல் கை பட்டுப் போன அந்தக் கால், முக்கால் மணி நேரம் ஓடியது. வெள்ளிக்கிழமைக்கு எத்தனை டஜன் வளையல் என்பது வரை என் நாற்காலியில் உட்கார்ந்தே பேசி முடித்தார் அக்கா. முதலாளியாகிய நான் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தேன்.