தானாகப் போனதா, தள்ளிவிட்டதா?

சகாயமேரி இறந்துவிட்டார் என்ற செய்தி திங்கள்கிழமை காலை எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாலை மூன்று மணிக்கு ஆவூரில் அடக்கம். அதற்குக் கீழேயே மேலாளர், இரண்டு பேருக்கு மேல் பெர்மிஷன் கிடையாது என்று போட்டிருந்தார். அதற்கும் நாலு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

குளத்தூர் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்கு எங்கள் வேலையைச் சொன்னால்தான் அவரைச் சொல்ல முடியும். கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக, அமெரிக்கக் கால்பந்து வீடியோக்களில் குறி வைக்கிறோம். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிரணி மறித்துப் பின்னால் தள்ளும். நடுவர் அவன் விழுந்த இடத்தைப் பார்ப்பதில்லை. தள்ளப்படும் முன் அவன் எட்டிய கடைசி இடத்தில்தான் பந்தை வைப்பார். அந்த இடத்தை நாங்கள் குறிக்க வேண்டும். நான் டீம் லீடர். எங்கள் குறிகளைச் சரிபார்த்தவர் சகாயமேரி.

ஒருமுறை அவசரத்தில் விழுந்த இடத்தில் குறி வைத்துவிட்டேன். என் மேசைக்கே வந்துவிட்டார். "நாலு பேரு சேந்து இங்கிட்டுத் தள்ளியாந்தா அவன் என்னங்க பண்ணுவான்? அவன் போன தூரத்த அவனுக்குக் குடுங்க" என்றார். இன்னொரு வீடியோவில் ஒருவன் வழி தேடித் தானே பின்னால் ஓடி மாட்டிக்கொண்டான். பாவம் பார்த்து முன்னால் குறித்தேன். அதையும் திருப்பி அனுப்பினார். "யாரும் தொடலையே. தானாப் போனா போனதுதான். டீம் லீடருக்குன்னு தனி ரூலாங்க?" என்று சிரித்தார். அந்தக் கறாரால் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

போன வருடம் அவருக்குப் புற்றுநோய் வந்தது. கீமோ முடிந்த மறுவாரமே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வேலை இருந்தாத்தான் இன்சூரன்ஸு, இன்சூரன்ஸ் இருந்தாத்தான் வைத்தியம்" என்பார். லீவு கூடிக்கொண்டே போனது. ராஜினாமா வாங்கி வா, இல்லாவிட்டால் நீயும் கிளம்பு என்று மேலிடம் என்னிடம் சொன்னது. சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று நானே டைப் செய்து, அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

இரண்டு முறை படித்தார். "நானாப் போறேன்னு எழுதியிருக்கீங்க?"

"பார்மாலிட்டிதாங்க" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். காபி போட்டுக் கொடுத்தார். அதையும் வெட்கமில்லாமல் குடித்தேன். இன்சூரன்ஸ் போனதும் வைத்தியம் நின்றது. அதற்குப் பிறகு ஐந்து மாதம்தான் இருந்தார்.

பெர்மிஷன் கிடைத்த இரண்டு பேரில் நான் ஒருவன். கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானாத்தான் வேலைய விட்டேன், யாரும் சொல்லலன்னு கடைசி வரைக்கும் அதே பேச்சு சார். ஏன் விட்டா? ஒங்களுக்காவது தெரியுமா?"

ஒரு தப்புக் குறியைக்கூட விடாத மனுஷி, என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய்தான். அதையாவது அன்றைக்குத் திருத்தியிருக்கலாம்.

"தெரியாதுங்க" என்றேன்.