வண்டிக் கொட்டகையில் ஓர் உலை

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின கோடையில், ஒரு காக்காய்க்காக நான் காலை ஒடித்துக்கொண்டேன். மொட்டைமாடித் தட்டட்டியில் கூழ்வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தேன். வெயிலில் இடுப்பொடிய நான் பிழிந்ததை அது நோகாமல் கொத்திக்கொண்டு போகிறதே என்று ஆத்திரம். கம்பை ஓங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். தட்டட்டியின் விளிம்பு வந்ததைப் பார்க்கவில்லை. முற்றத்தில் விழுந்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. காக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் வந்து காலை இழுத்து நேராக்கினார். நான் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டதாம். மூங்கில் பத்தைகளை வைத்துவிட்டு, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் கொண்டுவரச் சொன்னார். வீட்டில் ஒருவரும் அசையவில்லை. நாங்கள் சைவர்கள்; எங்கள் தெருவுக்குள் முட்டை வந்ததே கிடையாது. வேறு ஏதாவது பூசலாமா என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

"முட்டை இல்லாம கட்டு இறுகாது வே. காலு வேணுமா, ஆசாரம் வேணுமா, நீரே சொல்லும்" என்றார் வைத்தியர்.

காலுக்குச் சொந்தக்காரி நான். "காலுதான் வேணும்" என்று படுத்த இடத்திலிருந்தே சொன்னேன்.

முட்டை பூசிய கால் வீட்டுக்குள் வரக்கூடாது என்று முடிவாயிற்று. முற்றத்துக்கு எதிர்ப்புறம் இருந்த வண்டிக் கொட்டகையில் எனக்குக் கட்டில் போட்டார்கள். சமையலைப் பார்த்துக்கொள்ள வள்ளியூரிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்காள் வந்தாள். கூடவே கலியாணத்துக்கு இருந்த மகளையும் கூட்டி வந்தாள். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது எங்களில் வழக்கம். அதனால் மகள் வந்த காரணத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாத்தனார் எட்ட நின்று, கை படாமல் என் இலையில் சோற்றைப் போடுவாள். என் வீட்டுக்காரர் தினமும் கொட்டகை வாசலில் நின்று நலம் விசாரிப்பார். உள்ளே காலடி வைக்க மாட்டார். ஆற்றில் முழுகி, நீறு பூசி, பூஜை முடிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். அது தெரிந்துதான் குடித்தனம் நடத்தினேன். ஆனாலும் கோபமாக வந்தது.

கோபம் எனக்கு நல்ல மருந்து. கால்விரல்களை அசைக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். நாள் முழுக்க அசைத்தேன். உத்தரத்தில் ஒரு மாட்டுக் கயிற்றைக் கட்டச் சொல்லி, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பழகினேன். பிறகு அதே கயிற்றைப் பிடித்துத் தரையில் இறங்கினேன். முதல்நாள் கண்ணில் பூச்சி பறந்தது. மறுநாளும் இறங்கினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பாவம், பாவம்" என்றார்கள். பாவப்படுகிறவர்கள் ஒரு செம்பு வெந்நீர் வைத்துத் தந்துவிட்டுப் பாவப்படலாம் என்று சொன்னேன். அதற்கப்புறம் கூட்டம் குறைந்தது. அந்தக் கால் இன்றைக்கும் கொஞ்சம் குட்டைதான், ஆனால் நான் போக நினைத்த இடத்துக்கெல்லாம் அது என்னைக் கொண்டுபோயிருக்கிறது.

அப்போதுதான் ஒருநாள் நாத்தனார் வந்து, மனத்தில் இருந்ததை நேராகவே சொன்னாள்.

"ஏட்டி, உனக்குப் புள்ளயும் இல்ல, இப்பக் காலும் இல்ல. எம் மவளத் தம்பிக்கே கட்டிக் குடுத்திருதேன். நீயும் ஒரு மூலையில இருந்துக்கோ. வெள்ளிக்கிழம பெரியவுகள வரச் சொல்லியிருக்கேன்."

"அவுக என்ன சொன்னாக, மதினி?"

"அவன் என்னத்தச் சொல்லுதான்? சும்மாதான் இருக்கான்."

அவர் சும்மா இருந்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. கால் ஒடிந்த அன்றைவிட அன்று அதிகமாக அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. பசி வந்தால் என் புத்தி நன்றாக வேலை செய்யும்.

சாயங்காலம் நாத்தனார் மகள் இலையோடு வந்தாள். "அத்தை, எனக்கு மாமா வேண்டாம். நீங்கதான் எதாவது செய்யணும்" என்று கண்ணைக் கசக்கினாள்.

"செய்யுதேன். நீ வெள்ளிக்கிழம எனக்கு அரிசி, தொலி உரிக்காத உளுந்து, பூண்டு, தேங்கா, ஒரு புதுச் சட்டி கொண்டா. எள்ளுத் துவையலும் அரைச்சுக் குடு" என்றேன்.

என் வீட்டுக்காரர் உளுந்தஞ்சோறு என்றால் உயிரை விடுவார். வெள்ளிக்கிழமை பெரியவர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்த நேரத்தில், நான் கயிற்றைப் பிடித்து இறங்கி, கொட்டகை வாசலுக்கு நகர்ந்து போனேன். மூன்று கல்லை வைத்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உளுந்தை வறுத்தேன். வாசனை முற்றத்தைத் தாண்டிக் கூடத்துக்குப் போனது. நாத்தனார் ஓடி வந்தாள்.

"முட்டை பூசின காலோட பொங்குத சோத்த எவம்ட்டி திம்பான்?"

"திங்கிறவுக திங்கட்டும் மதினி."

சோறு வெந்ததும் கொட்டகைக்குள் ஓர் இலையைப் போட்டு, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இலை போட்டாச்சு, சாப்பிட வாங்க" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வராவிட்டால் நான் தோற்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதையும் யோசித்துத்தான் கூப்பிட்டேன். மூலையில் கிடந்து தோற்பதற்கு இது மேல் என்று பட்டது. இலையோரத்தில் துவையலை எடுத்து வைத்தேன்.

அவர் வெளியே வந்தார். முற்றத்துத் தொட்டியில் கால் கழுவினார். கொட்டகைக்குள் வந்து இலைமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டார். துவையலை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஏலே தம்பி, தின்னுட்டு நேரா ஆத்துக்குப் போயி முழுகிட்டு வா. பெரியவுக காத்திருக்காக" என்று நாத்தனார் முற்றத்திலிருந்து கத்தினாள்.

அவர் இலையை எடுத்துப் போட்டுக் கையைக் கழுவினார். ஆற்றுப் பக்கம் போகாமல் திரும்பி வந்து, என்னைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். குனிந்து, முட்டையும் உளுந்தும் இறுகிக் கிடந்த என் காலை இரண்டு கையாலும் தாங்கிப் பைய எடுத்து மேலே வைத்தார்.

"அக்கா, பெரியவுகளுக்கு மோரு குடுத்து அனுப்பிரு" என்றார்.