வளர்மதிக்கு வந்த ஓடிபி

போன வாரம் என் தங்கை சித்ரா, கணபதியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போன் செய்தாள். எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி.

“ஏனுங்ணா, என்னையப் பாத்தா திருடியாட்ட இருக்குதா?”

இல்லை என்றேன். தங்கையிடம் வேறென்ன சொல்ல முடியும்?

சித்ரா நைட்டி விற்கிறாள். பாக்கெட் வைத்த நைட்டி. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தவள், சமீபத்தில்தான் ஆன்லைன் கடை திறந்தாள். பவானியில் இருக்கும் அவளுடைய நாத்தனார், நாமும் ஒன்று வாங்குவோமே என்று அதைத் திறந்திருக்கிறார். மேலே ‘பாதுகாப்பற்றது’ என்று வந்திருக்கிறது. அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார் — ‘யாரும் கார்டு நம்பர் குடுத்துறாதீங்க’ என்ற அன்பான குறிப்போடு.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. போனேன்.

கடைக்கு செக்யூரிட்டி சர்டிபிகேட் போடவில்லை. அதுதான் பிரச்சினை. வாங்குகிறவர் தட்டும் விவரங்களை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் ஏற்பாடு அது. இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள் — இந்த வெப்சைட் பெயர் உன்னுடையதுதானா?

நிரூபிக்க, அவர்கள் தரும் நீளமான ஒரு குறியீட்டை, பெயரைப் பதிவு செய்த கணக்குக்குள் போய் ஒட்ட வேண்டும். பாஸ்வேர்டு சித்ராவிடம் இருந்தது. தட்டினேன். ‘ஓடிபி அனுப்பியிருக்கிறோம்’ என்று, போன் நம்பரின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் காட்டியது.

சித்ரா எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

“வளர்” என்றாள்.

அந்த நம்பரை எப்போதோ அழித்துவிட்டதாக என்னிடம் சத்தியம் செய்தவள்!

வளர்மதி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். சித்ராவின் உயிர்த்தோழி. இருவரும் சேர்ந்துதான் தொழிலை ஆரம்பித்தார்கள். பெயரைப் பதிவு செய்தது வளர்மதி. ஒரு நைட்டிக்கு ஒரு பாக்கெட்டா, இரண்டா என்பதில் வாக்குவாதம் வந்தது. இரண்டு வேண்டும் என்றாள் சித்ரா. துணி வீண் என்றாள் வளர்மதி. பாக்கெட்டில் தொடங்கிய பேச்சு எப்படியோ இருவருடைய மாமியார்கள் வரை போனது. பிறகு பேச்சே இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக சித்ரா சுற்றுவழியில்தான் மளிகைக்கடைக்குப் போகிறாள்.

“வேற பேர்ல கடை வெச்சுக்கலாங்ணா.”

“அந்தப் பேர் நல்லா இல்லையா அம்மணி?”

சித்ரா எழுந்தாள். செருப்பை மாட்டினாள். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வளர்மதிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்து, “வாங்ணா” என்றாள். சித்ராவைப் பார்த்துக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். அவ்வளவுதான் வரவேற்பு.

விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டினாள்.

“ஓடிபி வந்ததுங்ணா. இவளாத்தான் இருக்கும்னு தெரியும். கூப்படட்டும்னு இருந்தேன்.”

அவள் போட்டிருந்தது அவர்கள் தைத்த நைட்டி. ஒரு பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். இன்னொரு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள். சித்ரா பார்த்தாள்... ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் நான் கண்ட மிகப்பெரிய சாதனை அது.

புது ஓடிபி கேட்டேன். வளர்மதி சித்ராவைப் பார்த்து மெதுவாகப் படித்தாள். அத்தனை நாள் கழித்து இருவருக்கும் நடுவில் நடந்த முதல் பேச்சு, ஓர் ஆறு இலக்க எண்.

சித்ராவுக்குக் கண் நிறைந்து, தட்டும்போது தப்பாகிவிட்டது.

“அழுதுபோட்டுத் தட்டு புள்ள. இன்னொருக்கா அனுப்பச் சொல்லிக்கலாம்” என்று வளர்மதி டீ போடப் போனாள்.

அடுத்த முறை சரியாக விழுந்தது. கணக்குக்குள் போய்க் குறியீட்டை ஒட்டினேன். டீ குடித்து, இருவருடைய மாமியார்களையும் பற்றி விரிவாகப் பேசி முடிப்பதற்குள் சர்டிபிகேட் வந்துவிட்டது. ‘பாதுகாப்பற்றது’ காணாமல் போயிருந்தது. சித்ரா அதையும் குடும்பக் குழுவில் போட்டாள். நாத்தனார் கட்டைவிரல் காட்டினார். ஆர்டர் இன்னும் வரவில்லை.

நண்பர்களோடு சேர்ந்து தொழில் செய்யலாமா என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஓடிபி யாருக்குப் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது பொறுப்பான அண்ணனாக நினைவுபடுத்தினேன். இந்தச் சர்டிபிகேட் மூன்று மாதம்தான் தாங்கும். புதுப்பிக்க மறுபடி ஓடிபி வேண்டும். இப்போதே கணக்கில் சித்ராவின் நம்பரை மாற்றிவிட்டால் இனி யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

“மாத்திக்க புள்ள” என்றாள் வளர்மதி, யாரையும் பார்க்காமல் டம்ளர்களை எடுத்தபடி.

“இருக்கட்டுங்ணா” என்றாள் சித்ரா என்னிடம். “மூணு மாசத்துக்கு ஒருக்கா நானே வந்து வாங்கிக்கறேன்.”

கம்ப்யூட்டர் பாதுகாப்பு விதிகளின்படி இது பெரிய தவறு. நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.