உருளைக்கிழங்கும் நெருப்புச் சட்டியும்

வெட்டிவைத்த உருளைக்கிழங்கு ஏன் கறுக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பழனியில் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருந்த அம்மாவிடம் சொன்னபோது, "தண்ணியில போட்டு வச்சாக் கறுக்காதுடி. இதுக்கா காலேசு?" என்றாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

கறுக்க வைப்பது கிழங்குக்குள் இருக்கும் ஓர் என்சைம். அதைப் பிரித்தெடுத்து முடிக்கும்வரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் செத்தது. எங்கள் கல்லூரியின் ஒரே ஐஸ் பெட்டி மின்சாரத்தை நம்பியிருந்தது. மின்சாரமோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதோடு மல்லுக்கட்டி அலுத்த என் பேராசிரியர், கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் சயன்ஸ் அறையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். குளிர்காலத்தில் அங்கே நீண்ட விடுமுறை. பிள்ளைகள் திரும்புவதற்குள் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தவறினால் அடுத்த குளிர்காலம்தான்.

வடக்குப் பார்த்த அறை. ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுவிட்டு, விறைத்த விரலோடு கிழங்கு அரைப்பேன், வடிகட்டுவேன். மலை மஞ்சு மூட்டமாக உள்ளே வந்து மேசைமேல் ஈரமாக இறங்கும். நான் வாயாடி. பேச ஆளில்லாமல் தராசிடம் பேசினேன். அதுவும் அலுத்துப்போய் நாள் முழுக்க வாய் திறக்காத நாட்கள் வந்தன. அப்போதுதான் பயமாக இருந்தது.

சமையல்கார அக்கா ஒருத்தி பள்ளியில் தங்கியிருந்தாள். பக்கத்துப் பள்ளங்கிக் கிராமத்துக்காரி. காலையில் பெருக்க வருவாள். முதல் நாளே, "எதையும் தொடாதீங்கக்கா" என்று கடுமையாகச் சொல்லிவைத்தேன். அதன்பிறகு தலைகுனிந்து பெருக்கிவிட்டுப் போய்விடுவாள். நுணலும் தன் வாயால் கெடும். பேச இருந்த ஒரே ஆளையும் அப்படி விரட்டிவிட்டேன்.

முன்பு வடித்ததெல்லாம் ஏதோ ஒன்றில் கெட்டுப்போக, கடைசியாக ஒன்று தேறியது. செலோபேன் பையில் கட்டி, உப்பு இறங்குவதற்காகப் ஒரு பேசின் நிறையக் குளிர்ந்த தண்ணீரில் போட்டிருந்தேன். அளந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. ஸ்பிரிட் வாங்க பஜாருக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மேசைக்கடியில் கரி கனன்றுகொண்டிருந்த நெருப்புச் சட்டி. பேசினில் கைவிட்டால், குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் தண்ணீர். பைக்குள் தெளிவாக இருந்த சாறு திரிதிரியாகப் பிரிந்து கிடந்தது. சோதித்துப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

என் சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள்.

"எதையும் தொடலைங்க டீச்சர். சட்டிய மட்டுந்தான் வச்சேன்."

"எதுக்குக்கா வச்சீங்க? ஒரு வருசம் போச்சுக்கா."

"கையெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்குங்களே. பாக்கச் சகிக்கலைங்க. வர்றப்ப ரூம்பு சூடா இருக்கட்டும்னு..."

திட்டுவதற்கு வார்த்தையெல்லாம் தயாராகத்தான் இருந்தது. அவள் குனிந்து சட்டியைத் தூக்கப் போனாள்.

"இருக்கட்டும்க்கா. உக்காருங்க" என்றேன்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினோம். எனக்கு அழுகை வந்தது. வீணாகிப்போன அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் குளிருமே என்று நினைத்த முதல் ஆள் அவள்தான்.