நான் இருந்தது உபவாசம் இல்லை

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு அசிங்கமான வியாதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முகம் சுளிக்காமல் கேளுங்கள். எனக்கு மூலம் இருந்தது. ரத்த மூலம். 1988 பொங்கல் கழிந்து, மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் உப்பு வாரிச் சுமக்க ஆரம்பித்த நாட்களில் அது வந்தது. காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்தால் மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி எரியும். ரத்தத்தைப் பார்த்ததும் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். பிள்ளைகளை விட்டுவிட்டுச் சாகப்போகிறேன் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் என்னை வாயாடி என்பார்கள். மேஸ்திரியிடம் சண்டை என்றால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் வரவில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திதான், ஒதுங்க ஒரு புதர் கிடையாது. ஆண்கள் எங்கேயாவது திரும்பி நின்றுகொள்வார்கள். நாங்கள் விடியுமுன் போய்விட்டு வந்தால் மறுபடி இருட்டின பிறகுதான். அதனால் வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்க மாட்டோம். வயிறு முட்டினாலும் அடக்கிக்கொண்டு கூடை சுமப்போம். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தோம். புதிதாக வேலைக்கு வந்த கிரேஸுக்கும் நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் எங்கள் சபைப் பெண். கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை.

சாப்பிட்டால்தானே வெளிக்குப் போக வேண்டும்? நான் மத்தியானச் சோற்றை நிறுத்திவிட்டேன். தூக்குவாளியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டுவேன். அப்போது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள், எங்கள் சபையில் உபவாசம் இருக்கிற காலம், வந்தன. கொட்டகை நிழலில் எல்லோரும் சாப்பிடும்போது கிரேஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உபவாசமா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்த வெயிலில் சுமை தூக்கிக்கொண்டு உபவாசம் இருக்கிற சகோதரி என்று போதகர் என்னைக் காட்டிப் பேசினார். அதற்குப் பிறகு பெண்கள் ஜெபம் கேட்டு வீட்டுக்கே வந்தார்கள். புருஷன் குடியை விட வேண்டும், மகன் பரீட்சையில் தேற வேண்டும், தம்பிக்கு விசா வர வேண்டும் என்பார்கள். கண்ணை மூடி, தலையில் கை வைத்து ஜெபித்தேன். உட்கார முடியாததால் நின்றுகொண்டே ஜெபித்தேன். அதையும் பக்தி என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. அதை மறைத்தால் இந்தச் சாட்சிக்கு அர்த்தம் இல்லை.

ஒரு நாள் கிரேஸ் தன் தூக்குவாளியைத் திறக்காமல் என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நானும் உங்களோட இருக்கேன்க்கா. தண்ணிகூட வாணாம். ஒரு புள்ளைக்காக.”

அடி பைத்தியமே, எனக்கு மூலம்டீ என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். சொன்னால் எனக்கு இருந்த மரியாதை போய்விடுமே. நல்லது என்றேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், தலையில் கூடையோடு வரப்பில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள் கால் மடங்கிப் பாத்திக்குள் விழுந்தாள். உப்பெல்லாம் அவள் முகத்தில் கொட்டியது. கண் மேலே செருகிவிட்டது. உப்பு ஏற்ற வந்த லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வராந்தாவில் நின்றேன். ஜெபம் வரவில்லை. ஊருக்கெல்லாம் அத்தனை அழகாக ஜெபித்த வாய் அது. கடைசியில், “ஆண்டவரே, அவள் என் பொய்யை நம்பிப் படுத்திருக்கிறாள். அவளை எழுப்பும். எல்லோர் முன்னாலும் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்” என்றேன். அந்த லெந்து முழுவதும் நான் செய்த ஒரே உண்மையான ஜெபம் அதுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கிரேஸ் கண் திறந்தாள். இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் யார் வேலை செய்யச் சொன்னது என்று நர்ஸம்மா அவளைத் திட்டினார். அவள் என்னைக் காட்டினாள்.

“அக்காவும்தான் உபவாசம் இருக்காங்க சிஸ்டர். அவங்களுக்கு ஒண்ணும் ஆவலியே.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எனக்கு மூலம், உபவாசம் இல்லை என்று அவள் காதில் விழவே சொல்லிவிட்டேன். கிரேஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, புற்றுநோய் இல்லை என்றார். நர்ஸம்மா விளக்கினார். தண்ணீர் குடிக்காமல், வரும்போது போகாமல் அடக்கினால் மலம் இறுகிவிடும். அதை முக்கி முக்கி வெளியேற்றுவதில்தான் அங்கே நரம்பு புடைத்து ரத்தம் வருகிறது. சுமை தூக்குவது அதை இன்னும் கூட்டும். “நீ சோத்த நிறுத்துனதாலதாம்மா இவ்ளோ ஜாஸ்தியாச்சு” என்றார். நிறையத் தண்ணீர், தினமும் கீரை, வாழைப்பழம், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது, தடவ ஒரு மருந்து. ரத்தம் நிற்காவிட்டால் வெட்கப்படாமல் திரும்பி வரச் சொன்னார். கொஞ்ச நாளில் நின்றுவிட்டது.

ஆனால் சபையில், என் உபவாசத்தால்தான் கிரேஸ் பிழைத்தாள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூலம் என்ற வார்த்தையைச் சொன்னபோது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதகர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கிரேஸ் பின்னாலேயே வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“எனக்கும் ரத்தம் வருதுக்கா. நீங்க ஜெபிக்கிறவங்க, உங்ககிட்ட போய் இத எப்படி சொல்றதுன்னுதான்...”

அடக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான். அவள் வாயை அடைத்ததும் நான். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை வேறெதற்கும் அழுததில்லை.

அடுத்த வாரம் என் வாயை நல்லதற்குப் பயன்படுத்தினேன். மேஸ்திரியிடம் சண்டை போட்டு, உப்பளத்தின் ஓரத்தில் பெண்களுக்கென்று கீற்று மறைப்பு கட்டவைத்தோம். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். இப்போது யாரும் அடக்குவதில்லை.

உங்களில் யாராவது இப்படி ஒன்றை மறைத்து வைத்திருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். அழகான ஜெபத்துக்காக ஆண்டவர் காத்திருக்கவில்லை. எனக்கு அவர் செவிகொடுத்தது நான் நல்லவளாய் இருந்தபோது இல்லை.

கிரேஸுக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து தினமும் அதற்காக ஜெபிக்கிறோம், மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு.